பதினைந்தாவது விலாவின் முள்

ஜன்னல் வெளிச்சம் போதாமல் மேசை விளக்கையும் எரியவிட்டிருக்கிறாள். உருப்பெருக்கியின் கீழே, கட்டைவிரல் நீளத்தில், ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் ஊர்ந்து மேய்ந்த டிரைலோபைட் என்ற ஓட்டுயிர் ஒன்று கறுப்பாகக் கல்லாகிக் கிடக்கிறது. அகன்ற தலை, அதில் பிறை போல் வளைந்த இரு கண்கள், பிறகு வரிசையாக விலாக்கள். பதினைந்தாவது விலாவிலிருந்து பின்னோக்கி நீளும் முள், இந்த இனத்தில் உடையாமல் கிடைத்தது இந்த ஒரு கல்லில்தான். சுற்றியுள்ள சாம்பல் நிறப் பாறையை ஊசியால் சுரண்டி எடுப்பது அவள் வேலை. எதிரே உட்கார்ந்து படம் வரைவது அவள் கணவனின் வேலை. ஊசி சட்டென்று நிற்கிறது. நுனியில் சாம்பல் தூளுக்குப் பதிலாகக் கறுப்பாக ஒரு செதில். பாறைக்கு ஏது கறுப்பு? தூள் மூடிய பாறை மேடு என்று நினைத்து அவள் கடைசியாகச் சுரண்டிப் பெயர்த்தது முள்ளைத்தான்.

“என்னடி, சிலை மாதிரி உட்கார்ந்துட்டே?”

“பேசாதீங்க. மூச்சுகூட விடாதீங்க.”

“நான் மூச்சு விட்டா ஐம்பது கோடி வருஷமும் பறந்துடுமாக்கும்?”

“முள்ளைச் சுரண்டிட்டேங்க.”

அவன் பென்சில் அந்தரத்தில் நிற்கிறது. நெற்றி வியர்வை கல்லில் சொட்டிவிடாமல் முழங்கையால் துடைத்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தூளை விலக்குகிறாள். முள் பாதியோடு நின்றுபோயிருக்கிறது. அது மறைத்திருந்த இடத்தில், கடுகளவு அகலத்தில், இதுவரை யாரும் பார்த்திராத வால், சின்னச் சின்ன வளையங்களாக ஒடுங்கிப் போகிறது. எண்ணத் தொடங்குகிறாள், கண் கலங்கியதில் கணக்குத் தவறுகிறது. அவன் எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்க்கிறான்.

“அடேயப்பா, வாலு! முள்ளு ஏற்கெனவே உடைஞ்சிருந்துச்சுன்னு எழுதிக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?”

அவள் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என் கையால போச்சுன்னு எழுதுங்க. அப்புறமா வாலை வரையலாம்.”