முழங்கைக் கிழிசல்

ஹானுஸ் மேசைமேல் வைத்த ஸ்வெட்டரின் முழங்கை மறுபடியும் கிழிந்திருந்தது.

"படகுத்துறையில ஒரு ஆணி, சுன்வா. மாட்டிக்கிச்சு."

"போன வாரமும் ஆணின்னுதானே சொன்னீங்க?"

"அது வலது கை. இது இடது."

பஸ் ஓட்டுகிறவருக்குப் படகுத்துறையில் என்ன வேலை என்று சுன்வா கேட்கவில்லை. கிழிசலைத்தான் பார்த்தாள். ஆணி மாட்டினால் நூல் இழுபட்டுச் சுற்றிலும் சுருங்கும். இது நேர்கோடாக இருந்தது. கத்தரி.

வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில், ஆட்டின் நிறமே ஸ்வெட்டரின் நிறமாக, சாயம் போடாமல் பின்னி விற்கிற சின்னக் கடை அவளுடையது. எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது என்று, கிழிந்தால் ஆயுளுக்கும் இலவசமாகத் தைத்துத் தருவதாக வாசலில் எழுதி வைத்திருந்தாள். தைப்பதற்கென்று ஜன்னலோரம் எல்ஸ்பா. தைத்து, அலசி, நீவி, புதுசு போலவே கொடுப்பாள்.

பின்னல் உறுதியானது; கிழிசல் வருவதே அபூர்வம். அதனால் போன மாதம் சுன்வா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: கோடையில் கப்பலில் வருகிறவர்களுக்குத் தொப்பி அடுக்க இடம் வேண்டும், ஈஸ்டரோடு தையல் மேசையை எடுத்துவிடலாம் என்று. எல்ஸ்பா தலையாட்டிவிட்டு மீதிக் காபியைக் குடித்தாள்.

விஷயம் ஊருக்குள் பரவியதும் வரிசையாக ஸ்வெட்டர்கள் வந்தன. பள்ளி ஆசிரியருடையது, போதகர் மனைவியுடையது. எல்லாம் முழங்கை. எல்லாம் கத்தரி.

இலவசம் முடிவதற்குள் பழசைப் புதுசாக்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள். நினைக்க நினைக்க சுன்வாவுக்குப் பொறுக்கவில்லை. பஸ் வரைக்கும் போய் ஹானுஸைப் பிடித்தாள்.

"ஓசின்னா கத்தரியால வெட்டிக்கிட்டு வருவீங்களா? உங்களைப் பெரிய மனுஷர்னு நினைச்சேன்."

ஹானுஸ் கடை ஜன்னலை ஒரு தரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசு. புருஷன் செத்தப்புறம் எல்ஸ்பா எத்தனை நாள் கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்தான்னு தெரியும்ல? உன் ஜன்னலோரம் வந்து உக்காந்தப்புறம்தான் என் பஸ்ல ஏறறா. இப்ப 'குளிருதுப்பா'ன்னு ரெண்டு வார்த்தை பேசக்கூடச் செய்றா. நீ மேசையை எடுத்துட்டா அவ எங்க போவா?"

சுன்வாவும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"போதகரம்மாவுமா வெட்டினாங்க?"

"அவங்க வீட்டுக் கத்தரி மொட்டை. என்னுதைத்தான் வாங்கிட்டுப் போனாங்க."

கடைக்குத் திரும்பி, அலமாரி செய்ய வரவிருந்த தச்சனுக்குப் போன் போட்டு வேண்டாம் என்றாள். பிறகு ஹானுஸின் ஸ்வெட்டரை எல்ஸ்பாவிடம் கொடுத்தாள்.

"அக்கா, மேசை இங்கயே இருக்கட்டும். தொப்பியை மேல கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கலாம். இப்பல்லாம் கிழிசல் நிறைய வருதில்ல? இதுவும் ஆணியாம்."

எல்ஸ்பா கிழிசலை விரலால் ஒரு முறை தடவினாள். ஊசியில் நூலைக் கோத்தாள். முகத்தில் லேசாகச் சிரிப்பு.

"அப்ப ஹானுஸ்கிட்ட சொல்லிடு, கத்தரியை எடுத்து உள்ள வைக்கட்டும். ஊர்ல மிச்சமிருக்கிற முழங்கைங்களாவது பிழைச்சுப்போகட்டும்."