ஏறிய புத்தகங்கள்: பூஜ்யம்

நூலகத்தின் பழைய பட்டியல் அட்டைகளை அள்ளிப்போகப் பழைய பேப்பர்க்காரர் முனியாண்டி வண்டியோடு வந்துவிட்டார். "இனி எல்லாம் கணினிதான்" என்று மார்தட்டிய நூலகர் சேந்தனின் திரையிலோ, புதிய பட்டியலை ஏற்றப் பார்த்த ஆறாவது முறையும் அதே செய்தி: பணி வெற்றிகரமாக முடிந்தது, ஏறிய புத்தகங்கள் பூஜ்யம். நாற்பதாயிரம் புத்தகங்களைத் தொலைத்துவிட்டு இப்படிப் பெருமையடித்துக்கொள்ள அவராலேயே முடியாது.

"ஏத்தலாமா சார்?"

"இன்னொரு டீ சாப்பிடுங்கண்ணே."

"மூணு ஆச்சு சார்."

கடைசியில் சேந்தன், பட்டியலைத் தட்டச்சு செய்த கோசலையைக் கூப்பிட்டுக் கோப்பைத் திறந்தார். 'நூல் பெயர், ஆசிரியர்' என்ற தலைப்பு இருக்கவேண்டிய முதல் வரியில் ஒற்றை 'உ'; தலைப்பு அடுத்த வரிக்குப் போயிருந்தது.

"பிள்ளையார் சுழி சார். இவ்வளவு பெரிய வேலைய சும்மா ஆரம்பிக்கலாமா?"

"கம்ப்யூட்டருக்குப் பிள்ளையாரை எங்கேம்மா தெரியும்? முதல் வரியில தலைப்பு இல்லைன்னா அது எதையும் படிக்காது. இனிமே போடாதே."

அதை அழித்து மறுபடி ஏற்றினார். எண்கள் குடுகுடுவென்று ஏறி நாற்பதாயிரத்தைத் தாண்டின. சேந்தனுக்கு மூச்சு வந்தது.

நிம்மதியாக முதல் அட்டை இழுப்பறையைத் தாமே தூக்கி வண்டியில் வைத்தார். மேலே இருந்த அட்டையின் உச்சியில், இருபது வருஷத்துக்கு முந்தைய அவருடைய கையெழுத்திலேயே ஒரு 'உ'. அந்த அட்டையை மட்டும் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கோசலை, அந்த 'உ'வைத் திரும்பப் போட்டுடும்மா. கம்ப்யூட்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."