விருந்துக்கு ஒரு வீடு

“மச்சான், விருந்து இன்னைக்கும் சாப்பிடலை!”

மாஜிதாவின் குரல் கேட்டு, பாதி சவரத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தான் பீர் மைதீன்.

பேக்கரியில் கழித்துப்போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள், மணல் நிறத்தில், முள்முள்ளான வாலோடு ஒரு பாலைவனப் பல்லி கண்ணை மூடிக் கிடந்தது. முழங்கை நீளம் இருக்கும். எதிரே வைத்த ஆட்டுக்கறித் துண்டும் அவித்த முட்டையும் அப்படியே இருந்தன.

பீர் மைதீனுக்கு ரியாத்தில் ஏ.சி. மெக்கானிக் வேலை. கல்யாணத்துக்காக லீவில் ராஜபாளையம் கிளம்பியபோது, முதலாளி ஊரில் இல்லை. அவருடைய டிரைவர் சின்னத்துரைதான் விமான நிலைய வாசலில் அவசரமாக ஓர் அட்டைப்பெட்டியைக் கையில் திணித்தான். ஓட்டை போட்ட பெட்டி. உள்ளே இந்தப் பல்லி. மேலே சின்னத்துரையின் கோணல் கையெழுத்தில், ‘முதலாளி அனுப்பும் கல்யாண விருந்து’ என்று எழுதியிருந்தது.

“எந்த முதலாளி இப்படித் தன் சார்பா ஒரு விருந்தாளியை அனுப்பி வைப்பாரு?” என்று தெரு முழுக்கப் பெருமையடித்திருந்தான் பீர் மைதீன். இப்போது ஐப்பசி மழை. விருந்து நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனது.

“செத்துகித்துப் போச்சுன்னா?” என்றாள் மாஜிதா.

“வாயைக் கழுவுட்டி! ஃபேமிலி விசாவுக்குக் கையெழுத்துப் போடுங்கன்னு ஏர்மெயில்ல எழுதிக் கேட்டுருக்கேன். அவரு அனுப்புன விருந்தைச் சாகடிச்சிட்டு எந்த மூஞ்சியோட போயி நிப்பேன்? இன்னும் பன்னெண்டு நாள்ல லீவு முடியுது. கையெழுத்து இல்லைன்னா நீ இங்க, நான் அங்க. ரெண்டு வருசம்!”

இரண்டு வருஷம் என்றதும் மாஜிதா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“தள்ளுங்க. முதல்ல இதோட வீட்டைச் சரிபண்ணணும். மேல என்னது இது?”

“காஸ் துணி. காத்தும் வரும், கொசுவும் கடிக்காது.”

“பேண்டேஜ் நெய்யிற ஊருன்னா எதுக்கெடுத்தாலும் அந்தத் துணிதானா? விருந்து என்ன ஆபரேசன் முடிஞ்சா படுத்திருக்கு? பல்பைத் தொங்கவிட்டா பத்திக்கிடும். கோழிக்கூட்டுக்குப் போடுற கம்பிவலை வாங்கிட்டு வாங்க.”

“பல்பு எதுக்கு?”

“அது ஊர்ல எம்புட்டு வெயிலு?”

“தார் ரோடு உருகும்.”

“இங்க நானே போர்வையைப் போத்திக்கிட்டு அலையுறேன். ஊரையெல்லாம் குளுகுளுன்னு ஆக்குற மெக்கானிக்குக்கு ஒரு பெட்டியைச் சூடாக்கத் தெரியலையாக்கும்!”

பீர் மைதீன் மீதிச் சவரத்தை மறந்து கடைத்தெருவுக்கு ஓடினான். அவன் திரும்புவதற்குள், ஈரம் கோத்திருந்த மணலை அள்ளி, இரும்புச் சட்டியில் போட்டு வறுத்து ஆறவைத்திருந்தாள் மாஜிதா.

கம்பிவலை ஏறியது. நூறு வாட்ஸ் பல்பு ஒன்று தொங்கியது. அதன் கீழே தட்டையான ஒரு கருங்கல். மறுகோடியிலும் ஒரு பல்பை மாட்டப் போனவனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ரெண்டு பக்கமும் சுட்டா அது எங்க போயி ஒதுங்கும்? இந்தப் பக்கம் வெயிலு, அந்தப் பக்கம் நிழலு. தனக்கு எது வேணுமோ அங்க போயிக்கிடட்டும்.”

நிழல் பக்கத்தில் ஓர் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து, நுழைந்து படுக்க இடமும் செய்தாள்.

“நீ எந்தப் பக்கம்?” என்றான் பீர் மைதீன், பிடித்த கையை விடாமல்.

“உங்க பக்கந்தான். அதுக்குத்தானே இம்புட்டுப் பாடு!”

மத்தியானம் பல்லி மெல்ல நகர்ந்து கல்லின் மேல் ஏறிப் படுத்தது. கண் திறந்தது. ஆனால் கறியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாஜிதா யோசித்தாள். கொல்லை வேலியில் பூத்திருந்த பூசணிப்பூ ஒன்றைப் பறித்து வந்து உள்ளே போட்டாள்.

லபக்!

“மச்சான், பூவைத் தின்னுது!”

“நம்ம வீட்டுக்கு வந்த விருந்து சைவமா!” என்று தலையில் கைவைத்துக்கொண்டான் அவன்.

பிறகு கவலை இல்லை. முருங்கைக்கீரை, ஊறவைத்த பருப்பு, செம்பருத்தி என்று வேளாவேளைக்கு உபசாரம் நடந்தது. ஒரே வாரத்தில் வால் பருத்தது, தோல் மினுமினுத்தது. விசாவைப் பற்றித்தான் ஒரு தகவலும் இல்லை. மாஜிதா சிரித்துக்கொண்டேதான் அவன் பெட்டியில் துணிகளை அடுக்கினாள். அடுக்கியதையே மறுபடி மறுபடி அடுக்கினாள்.

லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போது, “ஏலே பீரு!” என்று வாசலில் சத்தம்.

சின்னத்துரை! லீவில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தவன், டவுன் பஸ் பிடித்து நேரே இங்கே வந்திருந்தான்.

“வாங்கண்ணே, முதல்ல இதைப் பாருங்க!” மாஜிதா அவனைக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். “நம்ம விருந்து எப்படிக் கொழுகொழுன்னு இருக்கு!”

சின்னத்துரை பல்பைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். பூவைப் பார்த்தான். திறந்த வாய் மூடவில்லை.

“இன்னும் உசுரோடயா வச்சிருக்கீங்க?”

“பின்னே? கண்ணு மாதிரிப் பார்த்துக்கிட்டோம்ல. முதலாளிகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்.”

சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினான் சின்னத்துரை. பீர் மைதீன் பிரித்தான். ஃபேமிலி விசாவுக்கான காகிதம். அடியில் முதலாளியின் கையெழுத்து!

மாஜிதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “முதலாளிக்கு எம்புட்டு நல்ல மனசு! வேற எதுவும் சொன்னாராண்ணே?”

“சொல்லலை தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு.” சின்னத்துரை தலையைச் சொறிந்தான். “பிரியாணியாப் போட்டீங்களா, இல்லை நெய்ச்சோத்துக்குக் குழம்பா வச்சீங்களான்னு.”