நிம்மதிப் புள்ளி

முத்துராஜ் செத்துப்போன அன்று காலையில், தெருமுனைப் பலகையில் தெருவின் நிம்மதிப் புள்ளி ஏறியிருந்தது. எதிர்வீட்டு ஜெயராணிக்கு அது விளங்கவில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவுக்கே புள்ளி இறங்குவதுதான் வழக்கம். பலகைதான் பழுதாகிவிட்டதோ என்று யோசித்துக்கொண்டே துக்கம் கேட்கப் போனாள்.

உடல் கூடத்தில் கிடந்தது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். முத்துராஜின் மனைவி வினோதினி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஊரில் எல்லார் மணிக்கட்டிலும் இருந்து, மனநிம்மதியை அளந்து தெருப்பலகைக்கு அனுப்பும் நிம்மதிப் பட்டை அவள் கையில் பளிச்சென்று பச்சையாக எரிந்தது. அழுகிறவர்களின் கண்ணெல்லாம் அதன்மேல்தான் இருந்தது.

ஜெயராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பலகை பழுதில்லை. வினோதினியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய முந்தானையை இழுத்து அந்த மணிக்கட்டை மூடினாள்.

"மறைச்சுக்கோ புள்ள. எல்லாரும் பாக்காங்க."

வினோதினி கையை மெல்ல வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாக்கட்டும்க்கா. இத்தன வருசமா செவப்பாத்தான எரிஞ்சுது. அப்ப ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கலியே."