ஒயருக்கு ஸ்தோத்திரம்

ஞாயிறு ஆராதனையில், சாட்சி நேரத்தில், ஒப்துலியா அக்கா பச்சைப் பொய் சொன்னார்.

"தேவனுக்கு ஸ்தோத்திரம்!" என்று ஈரச் செருப்போடு எழுந்தார். "நம்ம நெரெய்தா மக ஜைலீனுக்குச் சர்க்கரை. இன்சுலினைக் குளிர்ச்சியா வைக்கணும். புயலுக்கப்புறம் கரண்டும் இல்ல, ஐஸும் இல்ல. அப்பத்தான் கர்த்தர் நம்ம எரிபெர்த்தோ பிரதரோட உள்ளத்துல பேசினார். பிரதர் தன் ஜெனரேட்டர்லேர்ந்து அவங்க ஃபிரிட்ஜுக்கு ஒயர் இழுத்துக் குடுத்துட்டார். ஸ்தோத்திரம்!"

சபையே எழுந்து கைதட்டியது.

எரிபெர்த்தோ ஒயரும் இழுக்கவில்லை, கயிறும் இழுக்கவில்லை. கர்த்தர் பேசியதாகவும் அவருக்குத் தகவல் இல்லை. போர்ட்டோ ரிக்கோ மொத்தமும் இருட்டில் கிடக்க, எங்கள் மலையில் ஓடிய ஒரே ஜெனரேட்டர் அவருடையது. அது அவர் கடைச் சோடாவைக் குளிரவைத்துக்கொண்டிருந்தது.

நெரெய்தா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பிரதர், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"அது வந்து... சொல்லாம செய்யலாம்னு..." என்றார் எரிபெர்த்தோ.

"ஆ...ஆ...மென்!" என்றார் பாஸ்டர் எலியேசெர். அவர் ஆமென் சொல்ல ஆரம்பித்தால், முடிப்பதற்குள் நாம் பைபிளை மூடி, குடையையும் தேடி எடுத்துவிடலாம்.

சாயங்காலத்துக்குள் பலாமரக் கிளை வழியாக ஒயர் போய்விட்டது. சோடா சூடாகிவிட்டது.

மறுநாள் எரிபெர்த்தோ பாஸ்டர் வீட்டுக்குப் போனார். கோபம் வந்தால் அவர் குரல், கூவ ஆரம்பித்த சேவல் பாதியில் யோசிப்பது போல இருக்கும்.

"என்னை மாட்டிவிட்டிருச்சு பாஸ்டர் அந்த அக்கா! பெட்ரோலுக்கு அரை நாள் க்யூவுல நிக்கறவன் நான். வர்ற ஞாயித்துக்கிழமை 'நான் சொன்னது பொய்'னு அது சபையில சொல்லட்டும். சொன்ன நிமிஷம் ஒயரைப் புடுங்கிடறேன். அது சொல்லாம நானாப் புடுங்கினா ஊரு காறித் துப்பும்."

"பொய்... பா...வம், பிரதர்," என்றார் பாஸ்டர்.

பாஸ்டரின் புதுக் கார் வாசலில், நிவாரணத்தில் வந்த நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. அதில் சேறு படக்கூடாதென்று அவர் நடந்தே ஒப்துலியா வீட்டுக்குப் போனார்.

அந்த வீட்டின் பாதிக் கூரை புயலோடு போயிருந்தது. பாஸ்டர் உட்கார்ந்தார். தலையில் சொட்டியது. நாற்காலியை நகர்த்தினார். அங்கேயும் சொட்டியது. ஒப்துலியா ஒரு வாளியை அவர் மடியில் வைத்து, கையில் காப்பியைக் கொடுத்தார்.

"சிஸ்டர், நடக்காததை நடந்ததாச் சொல்றது பொய் இல்லையா?"

"பொய் இல்ல பாஸ்டர். இன்னும் நடக்கல, அவ்வளவுதான். 'கிடைக்கறதுக்கு முன்னாடியே நன்றி சொல்லுங்க, அதுதான் விசுவாசம்'னு வாராவாரம் நீங்கதானே சொல்றீங்க?"

"அது பிரசங்கம், சிஸ்டர்!"

"ஓ! வீட்டுல செஞ்சு பாக்கக் கூடாதா?"

காப்பிக்குள் ஒரு சொட்டு விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து, சொன்னது பொய்னு அறிக்கை பண்ணணும்."

"அந்தப் பிள்ளையோட இன்சுலின்?"

"அது பிரதரோட ஒயர். அவர் இஷ்டம்," என்று எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார். "இதே மாதிரி உங்க கூரைக்கும் யார் தலையையாவது உருட்டிடாதீங்க."

"எனக்குன்னு கேட்டா கூச்சமா இருக்கும் பாஸ்டர்," என்றார் ஒப்துலியா.

திரும்பும் வழியில் பாஸ்டர் எரிபெர்த்தோ கடையில் நின்று ஒரு சூடான சோடா குடித்தார்.

"சட்டையைப் பாருங்க பிரதர்! அந்த வீட்டுல மழை உள்ளதான் பெய்யுது. கேட்டா, 'பொய் இல்ல, இன்னும் நடக்கல, அவ்வளவுதான்'னு எனக்கே பிரசங்கம் பண்றாங்க. கவலைப்படாதீங்க, ஞாயித்துக்கிழமை சொல்லிடுவாங்க."

சனிக்கிழமை, ஒயரைச் சுருட்ட எவ்வளவு நேரமாகும் என்று பார்க்க எரிபெர்த்தோ நெரெய்தா வீட்டுப் பக்கம் போனார். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஜைலீன் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"கர்த்தாவே, எரிபெர்த்தோ மாமாவுக்காக ஸ்தோத்திரம். அவர் சோடாதான் சூடாயிருச்சாம். அதையும் கொஞ்சம் பாத்துக்கோங்க."

எரிபெர்த்தோ ஒயரை அளக்காமலே வீட்டுக்குத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை.

"இன்று ஒரு சகோ...தரி, தான் செய்த பாவத்தை அறிக்கையிடுவார்," என்றார் பாஸ்டர்.

ஒப்துலியா எழுந்தார். செருப்பு அப்போதும் ஈரம். நெரெய்தா ஒன்றும் தெரியாமல் அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஒப்துலியா வாயைத் திறந்தார்.

"முதல்ல என் சாட்சி!" என்று பின்வரிசையிலிருந்து சேவல் கூவியது.

எரிபெர்த்தோ நின்றுகொண்டிருந்தார்.

"கரண்டு வர்ற வரைக்கும் ஜைலீனுக்கு ஒயர் குடுக்கற பாக்கியத்தைக் கர்த்தர் எனக்குத் தந்தார். ஸ்தோத்திரம்! அப்புறம், ஒப்துலியா சிஸ்டர் வீட்டுல பாதிக் கூரை இல்ல. அதை நம்ம பாஸ்டர் நேர்ல போய்ப் பார்த்தார். மனசு தாங்கல அவருக்கு. தன் கார் மேல கிடந்த நீலத் தார்ப்பாயை எடுத்து அவங்க கூரைக்குக் குடுத்துட்டார். ஸ்தோத்திரம்!"

சபையே எழுந்து கைதட்டியது. இரண்டு பேர் அழுதார்கள்.

"ஆமென்," என்றார் பாஸ்டர். அவர் வாழ்க்கையிலேயே சின்ன ஆமென் அதுதான்.

கைதட்டலுக்கு நடுவே ஒப்துலியா எரிபெர்த்தோவின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஏன் பிரதர், சபையில நின்னு இப்படியா பொய் சொல்றது?"

"பொய் இல்லக்கா," என்றார் எரிபெர்த்தோ. "இன்னும் நடக்கல, அவ்வளவுதான்."