மூன்றாவது ஓலை

தங்கையின் முதலாண்டு நினைவுப் பூசைகூட ஆகவில்லை. அதற்குள் தங்கை புருஷனின் மறுமணத்துக்கு மாதா கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிறார்களே என்று தையல்காரிக்கு வயிறு எரிந்தது. மூன்று ஞாயிறு வாசிப்பார்கள்; தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம்.

முதல் ஞாயிறே, பூட்டிய கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டியிருந்த ஓலையில் யாரோ ‘தடை உண்டு’ என்று எழுதியிருந்தார்கள். சாமியார் தாளை மாற்றினார். அடுத்த ஞாயிறும் அதே கதை. பலகைச் சாவியைத் தன் அங்கிப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

மூன்றாம் ஞாயிறும் எழுத்து இருந்தது. பூசை முடிந்த கையோடு தங்கை புருஷன் பாய்ந்து வந்தான்.

“உங்க வேலைதானேக்கா இது?”

“நானா இருந்தா என் பேரைப் போட்டே எழுதியிருப்பேன்!”

தையல்காரி கண்ணாடியில் மூக்கு உரச உற்றுப் பார்த்தாள். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. செத்துப்போன தங்கை இடதுகைக்காரி. அவனும் பார்த்தான், கூட்டத்துக்குள் நழுவினான்.

தையல்காரிக்கு ஆத்திரம் இப்போது தங்கைமேல் திரும்பியது. உள்ளங்கையால் கண்ணாடியை அறைந்தாள்.

“ஏன்டி, பன்னிரண்டு வருஷம் அவன்கிட்ட அடிவாங்கினியே, அப்ப வாயைத் திறந்திருக்கக் கூடாதா?”

கையை எடுத்தாள். உள்ளங்கை மறைத்திருந்த இடத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது.

‘நீதானேக்கா பொறுத்துப் போன்னு சொன்ன.’