மாடிக்குக் கேட்குமா?

ஓடிக்கொண்டிருந்த மெஷினின் மேஜையில் குனிந்து காதை வைத்தாள் பாண்டிச்செல்வி. தொழில் தெரிந்தவள் என்று கிருஷ்ணபிரசாத் உடனே முடிவுகட்டிவிட்டார்.

மட்டாஞ்சேரியில் பழைய தையல் மெஷின்களை வாங்கிச் சரிபண்ணி விற்கிற கடை அவருடையது. தமிழ்க் குடும்பம்தான்; மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருப்பதால் பேச்சில் பாதி மலையாளம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அவர் அந்த ரகம்.

"செல்லதுரை வரலையா?" என்று கேட்டார்.

செல்லதுரை அவள் கணவர். சங்கரன்கோவிலிலிருந்து வந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் தோல் பையும் பெல்ட்டும் தைத்து விற்கிறவர். பதினாறு வருஷத்தில் அந்த வட்டாரத்தில் நல்ல பெயர் வாங்கியிருந்தார்.

"ஆஸ்பத்திரியில இருக்காரு சேட்டா. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வாறோம்."

"அது நன்னாச்சு" என்றார் கிருஷ்ணபிரசாத், மனசாரவே.

வைத்தியத்துக்காக அவள் செல்லதுரையின் மெஷினை ஆலுவாக்காரர் ஒருவருக்கு விற்றது அவருக்குத் தெரியும். செல்லதுரைக்கு அது இன்னும் தெரியாது என்பதும் தெரியும். மனுஷர் வருவதற்குள் வேறு மெஷினைப் போட்டுவிட வேண்டும் என்று ஓடி வந்திருக்கிறாள், பாவம். இவள் தலையில் எதையாவது கட்டிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

தோல் வேலைக்காரர்கள் மெஷின் பார்க்க வந்தால் கையோடு ஒரு துண்டுத் தோல் கொண்டுவருவார்கள். தாங்கள் தைக்கிற கனத்தில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பேச்சே. அவள் கையில் குடையும் பர்ஸும் மட்டும் இருந்தன. அவசரத்தில் மறந்திருப்பாள் என்று அவரே ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். வாங்கினாள், பார்க்காமலே ஜன்னலோரம் வைத்துவிட்டாள்.

அவர் காட்டியது கடையிலேயே நல்ல மெஷின். மூன்று மடிப்புத் தோலானாலும் வழுக்காமல் இழுத்துத் தைக்கும். புது மாதிரி சர்வோ மோட்டார். மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் அந்த நிமிஷமே அடங்கிவிடும்.

"இது மாடிக்குக் கேக்குமா?"

வீட்டுச் சொந்தக்காரர் சத்தத்துக்குச் சண்டை பிடிக்கிறவர் போலிருக்கிறது. "மாடியா? பக்கத்துல நிக்கறவாளுக்கே கேக்காதாக்கும்" என்றார் பெருமையாக.

"அப்ப வேண்டாம்."

அவர் விலையைக் குறைத்தார். பணம் பிறகு தந்தால் போதும் என்றும் சொல்லிப் பார்த்தார். வலிய வந்த சீதேவியைக் காலால் தள்ளுகிற மாதிரி அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, மூலையில் சாக்குப் போட்டு மூடிவைத்திருந்த ஒன்றைக் காட்டினாள்.

அது மூடிப்போன சட்டைக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்தது. பழைய கிளச் மோட்டார். சுவிட்சைப் போட்டதும் உறும ஆரம்பித்தது; அலமாரியில் எண்ணெய் டப்பாக்கள் ஆடின. பக்கத்துச் சுக்கு குடோனிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். முகத்தில் சந்தோஷமும் இல்லை, சலிப்பும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவள் முகம்.

"மிதிக்காட்டியும் சத்தம் வருமா சேட்டா?"

"சுவிட்ச் அணைக்கற வரைக்கும் இப்படித்தான். கரண்டுக்குப் பிடிச்ச கேடு."

"அவரு மெஷினும் இப்படித்தான் இருக்கும். இதையே குடுங்க."

கிருஷ்ணபிரசாத்துக்கு எரிச்சல் வந்தது. இது சட்டை தைக்கிற மெஷின், இரண்டு மடிப்புத் தோல் வைத்தாலே ஊசி ஒடிந்துபோகும் என்று சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். விற்க மாட்டேன் என்றுகூடச் சொன்னார். நாளைக்கு வந்து பார்த்தால் செல்லதுரை தன்னைத்தான் திட்டுவார் என்றார்.

"திட்ட மாட்டாரு" என்றாள்.

கடைசியில் விலையைச் சொன்னார்; அவள் பர்ஸைத் திறந்து எண்ணிக் கொடுத்தாள். பெட்டி ஆட்டோ வந்தது. இரண்டு பேர் மெஷினைத் தூக்கி வைத்தார்கள். போனால் போகிறதென்று, இருப்பதிலேயே தடித்த ஊசியாக நாலைத் தேடி எடுத்து அவளிடம் நீட்டினார்.

"ஊசி வேண்டாம் சேட்டா."

"ஊசி இல்லாம செல்லதுரை எதை வச்சுத் தைப்பார்?"

"அவரு தைக்கப் போறதில்ல. கீழ ஆள் வச்சு வேலை நடக்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன். மாடியில படுத்துக்கிட்டு அவரு கேட்டுக்கிட்டிருந்தாச் சரி. நானும் மேல அவரு பக்கத்துலயே இருக்கணும்ல."

நீட்டிய கையை மடக்கிக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, வாங்குகிற எல்லாரிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னார். பழசானாலும் இரும்பு கெட்டி, ஒரு வருஷத்துக்கு ஒரு குழப்பமும் இல்லாமல் ஓடும் என்றார்.

பாண்டிச்செல்வி ஆட்டோவில் ஏறி, மெஷின் ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"பத்து நாள் ஓடினாப் போதும்னு டாக்டரு சொல்லிட்டாரு."